மேனேஜர் கூஜாவில் இருந்த தண்ணீர்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு எவர்சில்வர் கூஜா இருக்கிறது. திருகு மூடி, தூக்குவதற்கு வளைந்த கைப்பிடி, வயிற்றில் ஒரு சொட்டை. பழைய பாத்திரம் எடுக்கிறவர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் என் மனைவி பரணைப் பார்க்கிறாள். "தண்ணி புடிக்கிறதும் இல்ல, யாருக்கும் குடுக்கிறதும் இல்ல. இன்னாத்துக்குத்தான் அது?" என்று கேட்டால் ஏதாவது பொய் சொல்லிவைப்பேன். ஒருமுறை அது என் தாத்தாவின் சொத்து என்றேன். என் தாத்தா விட்டுப்போன ஒரே சொத்து ஆஸ்துமா என்பதும், அது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதும் அவளுக்குத் தெரியும். இதை எழுதி முடித்ததும் அவளிடம் படிக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். படித்த பிறகு கூஜாவோடு சேர்த்து என்னையும் அந்தப் பாத்திரக்காரரிடம் அவள் போட்டுவிடக்கூடும். நியாயம்தான்.

அது நான் வேலை பார்த்த டேனரியின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், மேனேஜருடைய கூஜா. மேலதிகாரிக்கு வால்பிடிக்கிறவனைக் கூஜா தூக்கி என்று ஊரில் கேலி பேசுவார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் பேச்சு. நான் உண்மையிலேயே மூன்று நாள், ஆம்பூரிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும், அதை மடியில் வைத்துக்கொண்டு போனவன். அதனால் அந்தக் கேலிக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு டேனரியில் நான் லெட்டர் கிளார்க். வெளிநாட்டுக்கு இங்கிலீஷிலும் உள்ளூருக்குத் தமிழிலும் கடிதம் எழுதுவது என் வேலை. ஊர் நூலகத்தில் இருந்த புத்தகங்களையெல்லாம் படித்து முடித்துவிட்டு, இனி நாமே எழுதினால்தான் உண்டு என்ற நிலையில் இருந்தேன். மேனேஜருக்கு அது தெரியும். "நம்ம ஆபீஸ் புலவர்" என்று வருகிறவர்களிடம் அறிமுகப்படுத்துவார். நான் குளிர்ந்துபோவேன். இருபத்து நான்கு வயதில் ஒருவனை விலைக்கு வாங்க அவ்வளவு போதும்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வரும். அதை உதறி, தொட்டியில் ஊறவைத்து, அலசுவார்கள். அலசிய உப்பெல்லாம் கால்வாயில் இறங்கி, பாலாற்றை நோக்கிப் போகும். போகிற வழியில் இருக்கிற கிணறுகளை அது சும்மா விடுவதில்லை. கிணறு கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்க அங்கே யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. பருப்பு வேகாது. காப்பியில் பால் திரியும். சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள்; குடித்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்ப்பதா, பஸ்ஸைப் பார்ப்பதா என்று முடிவு செய்வார்கள்.

மேனேஜர் அந்தத் தண்ணீரை ஒருநாளும் குடித்ததில்லை. ஆலங்காயம் மலையடிவாரக் கிணறு ஒன்றிலிருந்து கம்பெனி ஜீப்பில் அவருக்கு மட்டும் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீர்தான் கூஜாவில். ஆபீசில் மேஜையின் மேல், சர்ச்சில் முன்வரிசை பெஞ்சின் கீழ், காரில் அவருடைய காலடியில். "தண்ணின்னா ஆலங்காயம் தண்ணிதான்ப்பா. மத்ததெல்லாம் கை கழுவத்தான்" என்பார். ஊர் முழுக்கக் கை கழுவ வைத்தவர் சொன்னார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. கையில் குறிப்பு நோட்டுடன் சிரித்தேன்.

கம்பெனி அம்பாசடரை ஓட்டியவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஆற்றோரம் அரை ஏக்கர் நிலம், அதில் அவருடைய அப்பா வெட்டிய கிணறு, பத்துப் பன்னிரண்டு தென்னை. கால்வாய் அந்த வரப்பை ஒட்டித்தான் போயிற்று. இரண்டு வருஷத்தில் கிணறு உப்பாகி, தென்னையில் குருத்து கருகத் தொடங்கியது. அண்ணி, அதாவது அவருடைய மனைவி, குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தார். அண்ணன் அரசாங்கத்துக்கு ஒரு மனு போட்டார். அதன் நகல் எப்படியோ எங்கள் ஆபீசுக்கு வந்து, என் கையாலேயே ஃபைலில் ஏறியது. எட்டாவது படித்தவர் தானே எழுதிய மனு: "என் கிணறு எங்கப்பா காலத்திலிருந்து நல்ல தண்ணீர். இரண்டு வருஷமாக உப்பு. பின்பக்கம் டேனரி கால்வாய் போகிறது. ஐயா அவர்கள் வந்து குடித்துப் பார்க்கவும்." அவ்வளவுதான். இன்றுவரை நான் அதைவிட நல்ல தமிழ் எழுதியதில்லை. ரம்ஜான் லீவு கழிந்த வாரத்தில் ஒரு அதிகாரி கிணற்றைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

மேனேஜர் கத்துகிறவர் இல்லை. கத்துகிறவரை யாராவது எதிர்த்துவிடலாம். அவர் அண்ணனைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "லீவுல கடற்கரையெல்லாம் ஒரு ரவுண்ட் போறேன். நீதான் ஓட்டற. ஆனா டிரைவரா இல்ல, என் கெஸ்ட்டா. உன் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வா. அவங்க கடல பாத்திருக்காங்களா?" பார்த்ததில்லை. அண்ணனே மெட்ராஸ் துறைமுகத்தில் தோல் பெட்டிகளைத்தான் பார்த்திருக்கிறார், கடலை அல்ல. அவர் போனதும் மேனேஜர் என்னிடம் சொன்னார்: "மனு வாபஸ்னு ஒரு லெட்டர் எழுது. உருக்கமா எழுது. தரங்கம்பாடில நல்ல மீன் சாப்பாடு ஒண்ணு போட்டு, கையெழுத்து வாங்கிடலாம். நல்ல மனசோட வாங்கணும்ப்பா, அதான் முக்கியம்."

உருக்கமாகவே எழுதினேன். "என் கிணற்றின் உவர்ப்பு மண்ணின் இயற்கையான குணம் என்பதை உணர்ந்து, என் பிழையை மனப்பூர்வமாகப் பொறுத்தருள வேண்டி" என்று ஒரு வரி. எழுதிவிட்டு அந்த வரியை இரண்டு முறை எனக்கே படித்துக் காட்டிக்கொண்டேன். சந்தம் சரியாக இருந்தது.

மேனேஜர் முன்சீட்டில். பின்சீட்டில் ஒரு ஜன்னலோரம் அண்ணி, மறு ஜன்னலோரம் நான், எங்களுக்கு நடுவே ஃபைல், என் மடியில் கூஜா. காஞ்சிபுரம், செங்கல்பட்டு தாண்டும்வரை அண்ணி முதுகைச் சீட்டில் சாய்க்கவில்லை. மேனேஜருக்கு இயற்கை ரசனை உண்டு. அதைப் பிறருக்குக் கட்டளையாகப் போடும் பழக்கமும் உண்டு. பயணத் திட்டத்தை மூன்று பிரதிகள் டைப் அடிக்க என்னிடம் சொல்லியிருந்தார். அதில் சூரிய உதயத்துக்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தது. பனைமரக் கூட்டம் வந்தால் "ஸ்லோ" என்பார். அண்ணன் வண்டியை உருட்டுவார். "பாருங்க. நல்லா பாருங்க" என்பார். நாங்கள் பார்ப்போம். "ம், போகலாம்." ஏரி, கொக்கு, ஓடம் எல்லாவற்றையும் இப்படி வரிசையில் நின்று ரேஷன் வாங்குவதுபோல் ரசித்தோம்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அழகாகத்தான் இருந்தது. ஆடிக் காற்று ஜன்னல் வழியே வந்து முகத்தில் அடித்தது. மாமல்லபுரத்தில் அண்ணி கடலை முதன்முதலாகப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி இறங்கிப் போய், ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். திரும்பி அண்ணனிடம் சாவகாசமாகச் சொன்னார்.

"நம்ம கிணறுதான். கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது. அவ்ளோதான்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் அந்தச் செருப்பை எடுத்துத் தட்டி, மணல் போக, மறுபடி வைத்தார்.

அப்போது கடலோரமாக ஒரே சாலை கிடையாது. ஊருக்குள் போய், வயல்வெளியில் சுற்றி, மறுபடி கடலிடம் வர வேண்டும். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைப் பார்த்துவிட்டு, செய்யூர் வழியாக மறுநாள் மரக்காணம் வந்தோம். சாலையின் இரு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம், ஓரமெல்லாம் வெள்ளைக் குவியல். வெயிலில் கண் கூசிற்று. மேனேஜர் "ஸ்லோ" என்றார். இறங்கி நின்று, இடுப்பில் கை வைத்து, சொந்த நிலத்தைக் காட்டுகிறவர்போல் காட்டினார்.

"இதுல பாதி நம்ம பக்கத்துக்குத்தான் வருது, தெரியுமா? லாரி லாரியா. நம்ம கம்பெனிக்கு மட்டும் மாசம் எத்தினி லோடுன்னு நினைக்கற? உப்பு இல்லன்னா தோல் இல்ல, தோல் இல்லன்னா ஆம்பூர் இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. பெருமையில் இருக்கும்போது மனிதர்கள் உண்மை பேசிவிடுகிறார்கள். அண்ணன் வண்டியின் கதவில் சாய்ந்து அந்தக் குவியல்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு, வழி கேட்பதுபோல், குரலில் எந்த வேறுபாடும் இல்லாமல் கேட்டார்:

"இத்தினியும் உள்ள வருது. சரி. வெளிய எங்க சார் போவுது?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாண்டிச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்றார். திட்டப்படி எங்களுக்கு உப்பளத்தில் இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருந்தது. என் கையில் நகல் இருந்ததால் எனக்குத் தெரியும்.

பாண்டிச்சேரியிலும் கடலூரிலும் என்ன பார்த்தோம் என்று கேட்டால் எனக்கு லாட்ஜ் அறைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அண்ணனுக்கும் அண்ணிக்கும் தனி அறை போட்டுக் கொடுத்திருந்தார் மேனேஜர். மெத்தையில் படுக்கத் தயங்கித் தரையில் படுத்தார்கள் என்று காலையில் கேள்விப்பட்டு, "பாவம், எவ்ளோ வெள்ளந்தியான ஜனங்க" என்று என்னிடம் கண் கலங்கினார். அந்தக் கண்ணீர் போலி இல்லை. இதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். அவர் கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் நான் எப்போதோ மறந்து தொலைத்திருப்பேன். அவர்களுக்காக உண்மையாகவே நெகிழ்ந்தார், உண்மையாகவே மெத்தை போட்ட அறை வாங்கிக் கொடுத்தார், அதே கையால் கிணற்றை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு வரப்புகூட இல்லை.

மூன்றாம் நாள் மதியம் தரங்கம்பாடிக்குச் சற்று முன்னால், மீனவர் குப்பம் ஒன்றின் ஓரம், தென்னை நிழலில் வண்டி நின்றது. ஒரு வீட்டில் சொல்லிவைத்து மீன் குழம்பும் சோறும் வரவழைத்தார் மேனேஜர். சாப்பாடு வரும்வரை கரையோரம் நடந்துவிட்டு வருவதாகப் போனார். அண்ணி கை கழுவத் தண்ணீர் தேடிப் போனார்; கூஜாவோடு நானும் பின்னால் போனேன். அலையிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி மணலில் ஒரு குழியைக் கண்டார். குப்பத்துப் பெண்கள் சிலர் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாத்துக்கு இது? பாத்திரம் கழுவவா?" என்று கேட்டார் அண்ணி.

"குடிக்கத்தான் அக்கா. வேற எதுக்கு?" என்றாள் ஒருத்தி. எங்களை எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் ஒரு கொட்டாங்குச்சியை நீட்டினாள்.

அண்ணி குடித்தார். எனக்குக் கொடுத்தார். நானும் குடித்தேன். இளநீர்போல் இருந்தது என்று எழுதினால் மிகை. வெறும் தண்ணீர்போல் இருந்தது. எங்கள் ஊரில் வெறும் தண்ணீர்போல் இருக்கிற தண்ணீரைக் குடித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அண்ணி என் கையிலிருந்த கூஜாவை வாங்கி, மூடியைத் திருகி, ஆலங்காயத்துத் தண்ணீரை மணலில் கவிழ்த்தார். ஊற்றிலிருந்து பொறுமையாக மொண்டு நிரப்பினார்.

"அண்ணி, அது சாரோடது."

"தெரியும். வீட்டுக்குப் போய் வேற ஏனத்துல ஊத்திக்கிட்டுக் குடுத்துடறேன். ஆபீசர் வர்றார் இல்ல? ரெண்டு டம்ளர் வைப்பேன். ஒண்ணு கடலாண்ட தண்ணி. ஒண்ணு என் கிணறு. குடிச்சுப் பாத்து அவரே சொல்லட்டும், உப்பு எங்க இருந்து வந்துதுன்னு."

சாப்பிட்டு முடித்தோம். நல்ல காரம். மேனேஜர் கூஜாவை வாங்கி, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "பாத்தியா? மூணு நாளாவுது. ருசி மாறல. ஆலங்காயம் ஆலங்காயம்தான்ப்பா." பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் ஃபைலைத் திறந்து, தாளையும் பேனாவையும் அண்ணனிடம் நீட்டினேன்.

அண்ணன் எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார். காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது. "இது நீ எழுதுனதா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லா எழுதியிருக்கு" என்றார். அதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணிதான் பேசினார். "ஐயா, நீங்க இப்ப குடிச்சது ஆலங்காயம் இல்ல. தோ, அந்தக் குழியில மொண்டது."

மேனேஜர் கூஜாவைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். அதற்கு அப்பால் இருந்த கடலைப் பார்த்தார். ரசிக்கச் சொல்லி எங்களுக்கு யாரும் உத்தரவு போடாமலே நாங்கள் அந்தக் காட்சியை ரசித்தோம் என்று சொல்ல ஆசைதான். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தாளை நான்காக மடித்து, பேனாவை அதன்மேல் வைத்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கடலாண்டயே இப்டி இருக்குது. எங்கூட்டு மண்ணு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு சார்? நான் போட மாட்டேன்."

திரும்பி வரும் வழியில் யாரும் "ஸ்லோ" என்று சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் அண்ணியை இறக்கினோம். அவர் கூஜாவுக்குக் கை நீட்டினார். மேனேஜர் சிரித்த முகமாக, "இருக்கட்டும்மா. காலைல தம்பி கொண்டாந்து தருவான்" என்றார். ஆபீஸ் வாசலில் அண்ணனிடம் கார் சாவியை வாங்கிக்கொண்டார். "நாளையிலருந்து நீ வர வேணாம்ப்பா." உள்ளே போகும்போது என்னிடம், "கூஜாவக் கழுவி, நம்ம தண்ணி புடிச்சு வை" என்றார்.

கழுவினேன். மிச்சமிருந்த ஊற்றுத் தண்ணீரைப் பின்பக்கக் கதவைத் திறந்து கால்வாயில் கவிழ்த்தேன். கையிலிருந்து நழுவிக் கல்லில் பட்டதில்தான் அந்தச் சொட்டை. அந்தக் கால்வாய் அண்ணன் வீட்டு வரப்பை ஒட்டிப் போகும் கால்வாய் என்பதால், ஒரு விதத்தில் தண்ணீரை உரிய இடத்துக்கே அனுப்பினேன் என்று அப்போது எனக்குள் நானே ஒரு நகைச்சுவை சொல்லிக்கொண்டேன். என் நகைச்சுவை எழுத்து அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் இன்னொரு கடிதம் எழுதினேன். மனுதாரர் ஒழுங்கீனத்துக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவர், காழ்ப்புணர்ச்சியால் புகார் செய்கிறார் என்று. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை மட்டும் அதில் சொல்லாமல் விட்டேன். அது மேனேஜர் சொல்லிக்கொடுத்தது அல்ல. என் சொந்தத் திறமை.

அதிகாரி வந்தார். கிணற்றங்கரையில் ஒரு முக்காலி, அதன்மேல் இரண்டு டம்ளர். ஒன்றில் தண்ணீர் இருந்தது. மற்றதை அண்ணி காலியாகவே வைத்திருந்தார். அதிகாரி ஒரு வாய் குடித்து, முகம் சுளித்து, துப்பிவிட்டு, கடிதத்தைப் படித்தார். "இயற்கை சார்" என்றார் மேனேஜர். "கடல் இவ்ளோ தூரத்துல இருந்தே இப்டி. கடற்கரைப் பக்கம் போனா வாய்லயே வைக்க முடியாது."

"பொய்" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "கடலாண்ட தண்ணிய இவரே குடிச்சாரு. அந்தத் தம்பியும் குடிச்சுது. அதக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் பார்க்கவில்லை, அவருக்குத் தேவைப்படவில்லை. அண்ணன் தென்னையடியில் நின்று, எனக்கு வெட்கமாகிவிடும் என்று நினைத்தவர்போல், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

பழைய ஞாபகங்களை எழுதி, நாலு பேர் சிரித்து, நல்ல ஞாபகசக்தி என்று பாராட்டும் வாங்குகிறவன் நான். ஞாபகம் வேண்டியிருந்த ஒரே ஒரு நாளில் சொன்னது அது.

மனு தள்ளுபடியானது. இரண்டு வருஷத்தில் தென்னைகள் மொட்டையாயின. அண்ணன் லாங் பஜார் மண்டி ஒன்றுக்கு லாரி ஓட்டப் போனார். ஐம்பத்தைந்து வயதைத் தொடுமுன் போய்ச் சேர்ந்தார். மேனேஜர் பெங்களூருக்குப் போகும்போது என்னைக் கூப்பிட்டுக் கூஜாவைக் கொடுத்தார். "உனக்குத்தான்ப்பா இதோட அருமை தெரியும்" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நன்றி சார் என்றேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரில் மகள் வீட்டில் இருக்கும் அண்ணியைப் போய்ப் பார்த்தேன். அரை ஏக்கரும் பிளாட்டாகிவிட்டது. கிணறு இருந்த இடத்தில் யாரோ மாடிப்படி கட்டியிருக்கிறார்கள். சமையலறை ஓரத்தில் தண்ணீர்க் கேன்கள் அடுக்கியிருந்தன. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இப்போது எல்லாருமே மேனேஜர்கள். நம் கூஜாவுக்கு மட்டும் எங்கிருந்தோ வருகிறது. நான் நடந்ததெல்லாம் சொல்லி, கால்வாயில் கொட்டியதையும் சொல்லி, பையிலிருந்து கூஜாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வழியில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் சில இருந்தன. சந்தம் சரியாக இருந்த வாக்கியங்கள்.

அண்ணி கூஜாவின் சொட்டையைத் தடவிப் பார்த்தார். மூடியைத் திருகி உள்ளே பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார்.

"இன்னா தம்பி, காலியாவா எடுத்தாந்த?"

மூடியைப் பழையபடி திருகி என் பக்கம் நகர்த்திவிட்டு, காப்பி போட எழுந்து போனார்.

தென்னை நிழல், குப்பத்துக்கு வடக்கே மணல்மேடு, அதன் அடியில் ஊற்று. அந்த இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கிருந்து ஏழு மணி நேரம். இப்போது நல்ல சாலையும் வந்துவிட்டது. இதுவரை நான் போகவில்லை. கூஜா பரணில்தான் இருக்கிறது, காலியாக.